ஊசியும் 131 கிலோவும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொன்ன அன்று, வயிற்றைக் கிழிப்பது பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போலத் தைத்துவிடுவோம் என்று மருத்துவர் தாளில் படம் வரைந்து காட்டினார். கல்யாணச் சமையல்காரர் பட்டியல் வாசிப்பதைக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது, "நாளைக் காலை வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுத்துவிடுங்கள்" என்றார். உள்ளங்கை வியர்த்தது அப்போதுதான்.

எனக்கு 44 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. உயரம் 168 சென்டிமீட்டர், அன்றைய எடை 131 கிலோ. உடல் நிறைக் குறியீடு 46க்கு மேல். ஆறு வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம், இரவில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை. இத்தனை இருந்தும் அந்த ஆறு வருடத்தில் நான் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்தது மூன்றே முறை. இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஒரு மருத்துவர் சொன்னார். நான் மருத்துவரை மாற்றினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல மருத்துவரை மாற்றியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஊசியைக் கண்டால் நான் மயங்கி விழுவேன். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது, எனக்கு முன்னால் நின்றவனுக்குப் போடுவதைப் பார்த்தே விழுந்துவிட்டேன். பெஞ்சு விளிம்பில் பட்டு உடைந்த முன்பல்லின் மூலை இன்றும் அப்படியே இருக்கிறது. அப்பாவும் பல் பிடுங்கப் போன இடத்தில் ஒருமுறை சாய்ந்தவர்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் அதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. பேசினால் சித்தப்பாவின் கதைதான் வரும்.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் செடல் உற்சவம் நடக்கும். கன்னத்தில் அலகு குத்திக்கொள்வார்கள். முதுகில் கொக்கி மாட்டி வண்டி இழுப்பவர்களும் உண்டு. சித்தப்பா பதினோரு வருடம் செடல் போட்டவர். முதுகில் வரிசையாகக் கொக்கிகளோடு, பம்பைச் சத்தத்துக்கு நடுவில் அவர் தெருவில் நடந்து வருவார். நான் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அவர் ரத்தம்தானே உனக்கும் ஓடுகிறது, ஒரு ஊசிக்கு இப்படியா?" என்று அத்தைகள் கேட்பார்கள். முப்பது வருடமாக எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்து இது ஒன்றுதான்: தைரியமாக இரு. ஒரு முறைகூட வேலை செய்யாத மருந்தை இத்தனை பேர் எப்படித்தான் விடாமல் எழுதிக்கொடுக்கிறார்களோ!

முதல் ரத்தப் பரிசோதனை படுதோல்வி. அதில் என் பங்கும் உண்டு. வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து, முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு, அதாவது ரத்தம் எடுக்கும் ரத்தக்குழாய், சுருங்கிப் படுத்துவிடும். பருத்த கையில் ஏற்கெனவே அது ஆழத்தில்தான் இருக்கும். புதுச்சேரியில் நான் போன அந்த லேபில் ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்கை மடிப்பில் தட்டித் தட்டிப் பார்த்தார் ஒருவர். முதல் குத்தில் வரவில்லை. உள்ளேயே ஊசியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது குத்து இன்னொரு கையில். "கையில் இவ்வளவு சதையை வைத்துக்கொண்டு வந்தால் நான் எங்கே போய்த் தேடுவது?" என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

குண்டாக இருப்பவர்களுக்கு ஊசி என்பது ஊசி மட்டும் அல்ல. அந்தச் சொல்லும் சேர்ந்துதான் உள்ளே போகிறது. அடுத்த முறை போகாமல் இருப்பதற்குக் குத்தின வலியைவிட அதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. அன்று மூன்றாவது குத்துக்கு ஆயத்தமானபோது காதில் மழை பெய்வதுபோல இரைச்சல் கேட்டது. அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என்னைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அதையும் யாரோ சத்தமாகச் சொன்னார்கள்.

பேசாமல் கடலூர் பஸ் ஏறிவிட்டேன். அறுவை சிகிச்சையே வேண்டாம், கொள்ளு ரசமும் நடையும் போதும் என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "என்னங்க, இன்றைக்கு மனநல ஆலோசகரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஊசி எதுவும் கிடையாதாம், கேட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். இந்த அறுவை சிகிச்சைக்கு முன் அப்படி ஒரு சந்திப்பு வழக்கமாம். சாப்பாட்டுப் பழக்கம், மனச்சோர்வு, வீட்டில் துணை யார் என்றெல்லாம் கேட்பார்கள். கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்றார் அந்த அம்மையார். லேபில் விழுந்ததைச் சொன்னேன்.

அவர் தைரியம் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். குத்துவதற்கு முன் மயக்கம் வருமா, பிறகா? காதில் இரைச்சல் கேட்குமா? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பாம்பைக் கண்டு பயந்தால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், மயங்குவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் இவற்றைக் கண்டு பயப்படுகிறவர்களில் பலருக்கு முதலில் அதேபோல ஏறிவிட்டு, அப்புறம் இதயத் துடிப்பும் அழுத்தமும் சட்டென்று சரிந்துவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும், ஆள் விழுவார். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு என்றார். அப்பாவின் பல் நினைவுக்கு வந்தது.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தலைகீழாக இருந்தது. ஊசி போடும்போது எல்லோரும் "உடம்பைத் தளர்த்துங்கள், மூச்சை இழுத்து விடுங்கள்" என்கிறார்களே, அது படபடப்பு மட்டும் வருகிறவர்களுக்கு நல்லது. மயங்கி விழுகிறவர் தளர்ந்தால் ஏற்கெனவே சரிகிற அழுத்தம் இன்னும் சரியும். அவர் செய்ய வேண்டியது நேர் எதிர்: உடம்பை முறுக்க வேண்டும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் முறைப்படுத்திய பயிற்சி இது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி வரை, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பிறகு தொய்ந்துபோகாமல், சாதாரண நிலைக்குத் திரும்பி 20, 30 நொடி இருக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. எனக்கு ரத்த அழுத்த மாத்திரை இருந்ததால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்கச் சொன்னார். நீங்களும் கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை பயிற்சி. அலுவலகத்தில் பேரேட்டுக்குப் பின்னால் செய்தேன், பஸ்ஸிலும் செய்தேன். ரெட்டிச்சாவடியில் பஸ் நின்றிருந்தபோது முஷ்டியை மடக்கி, தொடையை இறுக்கி, முகம் சிவந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பக்கத்துப் பெரியவர் நெஞ்சுவலி என்று நினைத்துக் கண்டக்டரைக் கூப்பிட்டுவிட்டார். விளக்கம் சொல்லிச் சமாளிப்பதற்குள் கிருமாம்பாக்கம் வந்துவிட்டது.

கூடவே ஊசியோடு பழகவும் சொன்னார், படிப்படியாக. மருந்துக்கடையில் ஊசி மாட்டாத சிரிஞ்சு ஒன்று வாங்கி, டிவி ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் இரண்டு நாள் ரிமோட்டை எடுப்பதற்கே தயக்கமாக இருந்தது. நான்காம் நாள் மகள் அதில் தண்ணீர் நிரப்பி ரோஜாத் தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் அது எனக்குத் தோட்டச் சாமான் ஆகிவிட்டது. அடுத்து ஊசியின் படம். அதற்கடுத்து மாமியாருக்கு வீட்டில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதை, உடம்பை முறுக்கிக்கொண்டே பார்ப்பது. கடைசியாக என் விரலிலேயே. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாக இறங்கும்வரை நிற்க வேண்டும், நடுவில் ஓடக் கூடாது என்பதுதான் விதி. நான் இரண்டு முறை ஓடினேன். மறுபடி அதே படியிலிருந்து தொடங்கினேன்.

இந்தக் கூத்தையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "கொக்கி ஏறும்போது நான் மட்டும் தளர்ந்தா நின்றேன்? கால் கட்டை விரலிலிருந்து தாடை வரைக்கும் இறுக்கிக்கொண்டுதானே நிற்பேன்" என்றார். அம்மன் அருளையும் சுவீடனையும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

இரண்டாவது முறை வேறு லேபுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்த இடத்தில் எனக்கு வாய் வராது. "நான் ஊசிக்கு மயங்கி விழும் ஆள். படுத்த நிலையில் எடுக்க வேண்டுகிறேன். எனக்கு நரம்பு கிடைப்பது கடினம். அனுபவம் உள்ளவர் எடுத்தால் நல்லது. குத்துவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊசியைக் காட்ட வேண்டாம்." நான்கைந்து வரிதான். அங்கிருந்த பெண் வாசித்துவிட்டு, "இதை முதலிலேயே சொன்னது நல்லதாகப் போயிற்று சார், எங்களுக்கும் விழுகிறவர்களைப் பிடிப்பது கஷ்டம்தான்" என்று கட்டிலைக் காட்டினார். படுத்திருப்பவர் விழ இடமில்லை. தலைக்கு ரத்தமும் எளிதாகப் போகும். இவ்வளவு எளிய விஷயத்துக்கு நான் பல்லை உடைத்துக்கொண்டேன்.

அன்று மரத்துப்போகச் செய்யும் களிம்பும் பூசியிருந்தேன். லிடோகெயினும் பிரிலோகெயினும் இரண்டரை இரண்டரை சதவீதம் கலந்தது. மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டேன். தடிமனாக வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். லேபுக்கு வந்து பூசினால் ஒரு மணி நேரம் அங்கேயே ஊசிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் புதுச்சேரி பஸ் ஏறியதும் பூசிவிடுவேன். அரியாங்குப்பம் தாண்டி, முதலியார்பேட்டை நெரிசலில் பஸ் ஊர்ந்து முடிப்பதற்குள் கை மரத்திருக்கும். முதல் முறை ஒரு கையில் மட்டும் பூசிப் போனேன்; அவருக்கு நரம்பு கிடைத்ததோ அடுத்த கையில். அதற்குப் பின் இரண்டு முழங்கை மடிப்பிலும் பூசுகிறேன். தோல் கொஞ்ச நேரம் வெளுத்துத் தெரியும், அது சரியாகிவிடும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: களிம்பு வலியைத்தான் போக்கும். மயக்கத்துக்கு அதனிடம் பதில் இல்லை. அதற்குத் தசையைத்தான் முறுக்க வேண்டும். குத்துகிற கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு, மற்ற கையையும் இரண்டு கால்களையும்.

லேபில் அந்தப் பெண் வண்ணத்துப்பூச்சி ஊசி எடுத்தார். இரண்டு இறக்கையும் மெல்லிய குழாயும் உள்ள சின்ன ஊசி அது. ஊதா, சிவப்பு, சாம்பல், நீலம் என்று நான்கு நிற மூடிக் குப்பிகள் தட்டில் இருந்ததைப் பார்த்து நான்கு குத்து என்று நடுங்கினேன். ஒரே குத்துதான், குப்பிகளைத்தான் மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள். இது தெரியாமல் எத்தனை வருடம் குப்பிகளை எண்ணிப் பயந்திருக்கிறேன்! தலை லேசாகச் சுற்றியது, காதில் மழை தொடங்கியது, காலை இறுக்கினேன், மழை நின்றது. எழுந்து உட்காரப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரம் அரிசி கிடையாது. புரதப் பொடி, மோர், காய்கறி சூப். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் வயிற்றில் போடும் சிறு துளைகள் வழியாக வேலை செய்ய இடம் கிடைக்குமாம். அதைப் பற்றிப் புலம்ப எனக்கு நிறைய உண்டு, அதுவும் பண்ருட்டிப் பலா வந்து குவியும் பருவம். இங்கே வேண்டாம்.

அன்று காலை ஒரே ஒரு ஊசிதான் எனக்கு எதிரி: கையில் மாட்டும் கேனுலா. ஊசி கைக்குள்ளேயே இரண்டு நாள் இருக்கும் என்றும், கையை மடக்கினால் குத்தும் என்றும் நம்பியிருந்தேன். முந்தைய வாரம் மயக்க மருத்துவர் ஒரு பழைய கேனுலாவைப் பிரித்துக் காட்டினார். ஊசி வழிகாட்டி மட்டும்தான். நரம்புக்குள் போனதும் அதை உருவி எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். எண் கூடக்கூட ஊசி மெலிது என்பதையும் அவர்தான் சொன்னார்: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம். எனக்கு மெலிதாகப் போடுங்கள் என்று பேரம் பேசினேன். அறுவை அரங்கில் மருந்தும் திரவமும் வேகமாகப் போக வேண்டும், அதனால் பெரியதுதான் என்று முடித்துவிட்டார். ஆனால் தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டதற்கு, திட உணவுக்கு எட்டு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்று எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கடைசி நிமிடம் வரை குடித்தேன். புறங்கை நரம்பு முதல் முயற்சியிலேயே கிடைத்தது. களிம்பு, படுக்கை, முறுக்கிய கால்கள். சிஸ்டர் "இப்போது" என்றார். கூரையில் விளக்கை எண்ணினேன். மயக்க மருந்து ஏறும்போது கையில் எரிச்சலாக இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தது.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நான் கணக்கில் சேர்க்காத ஊசி பின்னால் காத்திருந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பின் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால், உறையாமல் தடுக்கும் மருந்தைத் தினமும் வயிற்றுத் தோலில் போட வேண்டும். எனக்கு வீடு திரும்பிய பிறகும் பத்து நாள் தொடரச் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கும் அப்படி உண்டா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டுப்போட்ட வயிற்றோடு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தெரிந்துகொள்ளும் செய்தி அல்ல அது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அக்கா என்போம். முதல் மூன்று நாள் அவர் வந்து போட்டு, மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்த வேண்டும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். "தம்பி, வயிற்றை முறுக்காதே, காலை மட்டும் முறுக்கு" என்று அக்கா இரண்டு தடவை தொடையில் தட்டினார். பயன்படுத்தியதைக் குப்பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவர் கையில் ஏறும் என்பதால், தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி மருத்துவமனையிலேயே கொடுத்தோம்.

பத்தாவது நாளிலாவது நானே போட்டுக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். போட்டுக்கொள்ளவில்லை. பத்து நாளும் மின்விசிறியைத்தான் பார்த்தேன். மனைவிக்கும் கை நடுங்கியது என்பதை அவள் பிறகுதான் சொன்னாள்.

மூன்று மாதத்தில் 27 கிலோ குறைந்தது. இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளைப் பார்க்க மறுபடி ரத்தம். இந்தப் பரிசோதனை வாழ்நாள் முழுக்க உண்டு. இனி எனக்கென்ன என்ற நினைப்பில் ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன், தாளைக் காட்டவில்லை, காலை முறுக்கவில்லை, தேர்தல் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டினேன். விழுந்தேன். இந்த முறை தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது. எடை குறைந்ததில் ரத்த அழுத்தமும் இறங்கியிருந்ததும், மாத்திரையின் அளவை இன்னும் குறைக்காமல் இருந்ததும் அன்று மாலை மருத்துவர் பார்த்தபோதுதான் தெரிந்தது. அளவைப் பாதியாக்கினார்.

ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போன வாரம் போனேன். எடை 94. இரண்டு கையிலும் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டு, சட்டைப்பையில் தாளோடு உள்ளே நுழைந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலின் மேல் கிடந்த கோப்புகளை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.